புனித லாரன்ஸுக்கு ஒரு முட்டையில்லாக் கேக்

முழுதாகத் தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்கள். ஒன்றுமே தெரியாதவர்கள் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். பாதி தெரிந்தவர்கள்தான் கேக் ஆர்டர் செய்வார்கள். இந்த உண்மையைக் கண்டுபிடித்த பெருமை என்னைச் சேரும். அதைக் கண்டுபிடித்த இடம் பாலக்கரையில் ஒரு வீட்டின் சாப்பாட்டு மேஜை.

எனக்குச் சிறு வயதிலிருந்தே கேள்வி கேட்கும் வியாதி உண்டு. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவள். பெருமாள் எப்போதும் படுத்தே இருக்கிறாரே, முதுகு வலிக்காதா என்று சந்நிதி வரிசையில் உரக்கக் கேட்டவள். (அப்பா அன்று என்னைத் தெரியாதவர் போல நாலைந்து பேர் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.) கேள்வி கேட்பதில் தப்பில்லை. பதிலைக் கடைசிவரை கேட்கிற பொறுமைதான் எனக்குக் கிடையாது. பாதி பதில் வரும்போதே மீதியை நானே ஊகித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும் என்றொரு நம்பிக்கை வேறு. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை.

அருளும் நானும் தில்லைநகரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்திருந்தோம். (இப்போது கணவர் என்பதால் ‘அருள் சொன்னார்’ என்று எழுத வேண்டும். கதை நடந்தபோது வாடா போடாதான். அதனால் ‘சொன்னான்’ என்றே எழுதுகிறேன்.) என் வீட்டில் ஒருவழியாகச் சமாதானம் ஆகியிருந்தது. அது தனிப் புராணம், இங்கே வேண்டாம். அவன் வீட்டில் அப்பாவுக்குச் சம்மதம். அம்மாதான் பாக்கி.

“அம்மாவுக்கு நீ எந்தக் கோவிலுக்குப் போறேங்கறது பிரச்சினையே இல்ல” என்றான் அருள். “எங்க புனிதர்களைப் பாத்து நீ சிரிச்சிடக் கூடாது. அவ்வளவுதான்.”

“நான் ஏன்டா சிரிக்கப் போறேன்?”

அதற்கு ஒரு முன்கதை இருந்தது. அருளின் பெரியப்பா மகன், வேறு மதத்துப் பெண்ணைக் கட்டியிருந்தார். அந்தப் பெண் வந்த புதிதில், உடம்பெல்லாம் அம்பு தைத்து நிற்கும் செபஸ்தியார் படத்தைப் பார்த்து, “என்ன இவர் முள்ளம்பன்றி மாதிரி இருக்கார்” என்று சொல்லிவிட்டாளாம். அன்றோடு அருளின் அம்மா அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். நல்லது கெட்டதுக்குக்கூட அருளின் அப்பாதான் தனியாகப் போய் வருவார். அப்படிப்பட்டவர் முன்னால் நான் போய் நிற்க வேண்டும்.

நாளும் குறிக்கப்பட்டது. ஆகஸ்ட் பத்து. அருளின் அப்பா பெயர் லாரன்ஸ். அன்று புனித லாரன்ஸ் திருநாள். “எங்க வீட்டுல அப்பாவோட பிறந்தநாளைவிட இது பெரிசு” என்றான் அருள். காலையில் பூசை, மத்தியானம் விருந்து, பட்டறைக்கு விடுமுறை. அப்பாவுக்கு ஜன்னல் கம்பியும் இரும்புக் கேட்டும் செய்யும் வெல்டிங் பட்டறை இருந்தது.

அருளின் பர்ஸில் அந்தப் புனிதரின் சின்னப் படம் ஒன்று எப்போதும் இருக்கும். இளைஞர். சிவப்பு அங்கி. ஒரு கையில் குருத்தோலை. இன்னொரு கையில் ஓர் இரும்புக் கம்பிச் சட்டம், அசப்பில் ஜன்னலுக்குப் போடும் கம்பியேதான். அதைப் பார்த்ததும் எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது. பட்டறைக்காரர்களின் குலதெய்வம் போலிருக்கிறது, அவரே செய்த கம்பியைக் கையில் வைத்திருக்கிறார், உலைச் சூட்டுக்கு விசிறிக்கொள்ளத்தான் ஓலை. அருளிடம் கேட்டேன்.

“உங்க லாரன்ஸும் பட்டறைதான் வச்சிருந்தாரா?”

அவன் சிரித்தான். அந்த நேரம் பார்த்து மேனேஜர் கூப்பிட, எழுந்து போய்விட்டான். அவன் சிரித்ததை நான் ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது திருநாள். ஸ்ரீரங்கத்துப் பெண்ணுக்குத் திருநாள் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆழ்வாருக்கும் ஒரு மாதம், ஒரு நட்சத்திரம். அவர் அவதரித்த நாள்தான் அவருக்குத் திருநட்சத்திரம். அன்று புறப்பாடு, சர்க்கரைப் பொங்கல். ஆகஸ்ட் பத்து லாரன்ஸாரின் திருநட்சத்திரம் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் வரவில்லை. அவர்கள் நட்சத்திரம் பார்ப்பதில்லை, தேதி பார்க்கிறார்கள், அவ்வளவுதானே வித்தியாசம். பிறந்தநாள் என்று முடிவானபின் கையை வீசிக்கொண்டா போவது?

அதற்காக நான் படிக்கவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். திருநாளுக்கு முந்தின மாலை, கேக் ஆர்டர் கொடுக்க சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போவதற்காக ராஜகோபுரத்துக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றபோது, போனில் லாரன்ஸாரின் வாழ்க்கையைத் தேடி எடுத்தேன். படிக்கப் படிக்க நின்ற இடமே மறந்துபோனது. ரோமாபுரியில் கோவில் சொத்துக்குப் பொறுப்பாக இருந்தவராம். ‘உங்கள் கோவில் பொக்கிஷத்தையெல்லாம் கொண்டுவந்து ஒப்படை’ என்று அதிகாரி மிரட்டினானாம். இவர் மூன்று நாள் தவணை கேட்டார். அதற்குள் இருந்ததையெல்லாம் ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள், கண் தெரியாதவர்கள், நடக்க முடியாதவர்கள், விதவைகள், அனாதைகள் எல்லோரையும் திரட்டிக்கொண்டு போய் அதிகாரி முன்னால் நிறுத்தி, ‘இதோ, இவர்கள்தான் எங்கள் பொக்கிஷம்’ என்றாராம். எனக்குப் புல்லரித்துவிட்டது. என்ன துணிச்சல், என்ன குறும்பு. ‘இதைக் கேட்ட அதிகாரி கடும் கோபம் கொண்டு’ என்ற வரியில் இருந்தபோது ஒன்றாம் நம்பர் பஸ் வந்துவிட்டது.

சரியான கூட்டம். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை. காவிரிப் பாலத்தில் ஆடி மாதத்துக் காற்று வேறு. போனை எடுக்க வழியில்லை. இறங்கிய பிறகு, படித்தவரை போதும் என்று தோன்றிவிட்டது. அதிகாரி கோபப்பட்டால் என்ன, கொஞ்சம் திட்டியிருப்பான்.

பேக்கரியில் கேக் மாஸ்டரிடம் முட்டையில்லாத கேக் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னேன். மேலே லாரன்ஸார் படத்தைப் போடச் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு மகானின் முகத்தைக் கத்தியால் வெட்டித் தின்பது மகாபாவம் என்று எங்கள் வளர்ப்பு குறுக்கே வந்து நின்றது. அதனால் போனில் கிடைத்த அவர் படத்தில் அந்தக் கம்பிச் சட்டம் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டி எடுத்து, மாஸ்டருக்கு அனுப்பினேன்.

“இதை மட்டும் சாக்லேட்ல போட்டுடுங்க. கீழே ஹேப்பி பர்த்டே செயின்ட் லாரன்ஸ்னு எழுதிடுங்க.”

அவர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “வெறும் கம்பியா இருந்தா மொட்டையா இருக்குமே மேடம். கொஞ்சம் டெக்கரேஷன் பண்ணிடவா?”

“தாராளமா பண்ணுங்க” என்றேன். தாராள மனசு எனக்கு.

மறுநாள் மத்தியானம் போனபோது பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, ரிப்பன் கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் க்ரீம் ஒட்டிக்கொண்டு நாசமாகிவிடும் என்று கடைப் பையன் பயமுறுத்தினான். ஆட்டோவில் மடியில் வைத்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாலக்கரை போய்ச் சேர்ந்தேன்.

அருளின் அம்மா ஸ்டெல்லா ஆன்ட்டி வாசலுக்கே வந்தார். “வாம்மா கோதை” என்றார். சிரித்தார், ஆனால் அளந்து சிரித்தார். உள்ளே பட்டறைத் தொழிலாளர்கள் முதல் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், லாரன்ஸ் அங்கிள் தானே பரிமாறிக்கொண்டிருந்தார். ஹாலில் மேஜை மேல் புனிதரின் சின்னச் சுரூபம், அதற்கு மல்லிகை மாலை, பக்கத்தில் மெழுகுவர்த்தி. கேக் பெட்டியை அந்த மேஜையிலேயே வைத்தேன்.

அங்கிளின் தங்கை ஒரு கன்னியாஸ்திரி. வீட்டில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர் அத்தை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தார். எதிர்ச் சுவரில் வரிசையாகப் புனிதர்கள். எனக்குக் கை துறுதுறுத்தது, வாய் அதைவிட.

“சிஸ்டர், வாள் வச்சிட்டு இருக்காரே, இவர் படைத்தளபதியா?”

“அவர் சின்னப்பர்ம்மா. பவுல்னு சொல்லுவோம். அந்த வாளாலதான் அவர் தலையை வெட்டினாங்க.”

“ஓ. அந்த அக்கா சக்கரத்துமேல கை வச்சிட்டு இருக்காங்களே?”

“கத்தரீனம்மா. அந்தச் சக்கரத்துல கட்டித்தான் கொல்லப் பாத்தாங்க. சக்கரம் உடைஞ்சிருச்சு. அப்புறம் தலையை எடுத்துட்டாங்க.” சிஸ்டர் உற்சாகமாகிவிட்டார். கேள்வி கேட்கும் ஆள் அவருக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும் போலிருக்கிறது. “இதுல ஒரு சூத்திரம் இருக்கும்மா. கையில குருத்தோலை இருந்தா வேதத்துக்காக உயிரைக் கொடுத்தவங்கன்னு அர்த்தம். கூட வேற என்ன வச்சிருக்காங்களோ, அதை வச்சுத்தான் அவங்களைச் சித்திரவதை பண்ணியிருப்பாங்க.”

எங்கள் ஊரில் பெருமாள் கையில் சக்கரம் இருக்கிறதென்றால் அது எதிரியை வெட்டிய சக்கரம். கையில் இருப்பது அவருடைய ஆயுதம். இந்தச் சுவரில் இருந்தவர்களோ தங்களைக் கொன்ற ஆயுதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சாந்தமாக நிற்கிறார்கள். அடடா, எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் வியந்துபோனேன். வியந்து முடித்த பிறகுதான் மேஜைமேல் இருந்த சுரூபத்தைப் பார்த்தேன். ஒரு கையில் குருத்தோலை. இன்னொரு கையில் இரும்புக் கம்பி.



“சிஸ்டர், லாரன்ஸாரை அந்தக் கம்பியால அடிச்சாங்களா?”

“அடிக்கலைம்மா. அதும்மேல படுக்கவச்சு, கீழே தீ மூட்டி வாட்டினாங்க. அவரை அப்படிக் கொன்ன நாள்தான் இன்னைக்கு. அவர் என்னைக்குப் பொறந்தார்னு யாருக்கும் தெரியாது.”

அந்த நேரத்தில் ஸ்டெல்லா ஆன்ட்டி கத்தியோடு வந்தார். “கோதை ஆசையா கேக் வாங்கிட்டு வந்திருக்கு. வாங்க எல்லாரும், வெட்டிட்டுச் சாப்பிடலாம்.”

“ஆன்ட்டி, கேக் அப்புறமா வெட்டலாமே” என்றேன். “சாப்பிட்டு வெட்டலாம். சாயங்காலம் வெட்டலாம். நாளைக்குக்கூட நல்லா இருக்கும்.”

“அட, கூச்சப்படாதே” என்று அருள் ரிப்பனை அவிழ்த்தான். இந்த மனிதரை நான் முழுதாக மன்னித்துவிட்டேன் என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

பெட்டியில் என்ன இருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். கம்பிச் சட்டம், கீழே பிறந்தநாள் வாழ்த்து. அதுவே போதும் என் மானத்தை வாங்க. ஆனால் அந்த மாஸ்டர் டெக்கரேஷன் செய்திருந்தாரே. வெறும் கம்பியைப் பார்த்தவர், சிக்கன் சுடும் கடைக்காரர் யாருக்கோ பிறந்தநாள் போலிருக்கிறது என்று அவர் பங்குக்கு ஊகித்திருக்கிறார். (என்னைப் போல இன்னொருவர்.) சாக்லேட் கம்பிகளுக்கு அடியில் ஆரஞ்சு க்ரீமில் கொழுந்துவிட்டு எரியும் நெருப்பு. கம்பிகளின் மேல், சர்க்கரை மாவில் தத்ரூபமாகச் செய்து பழுப்பு நிறம் பூசிய ஒரு கோழிக்கால். முட்டைகூடக் கூடாது என்று நான் சொல்லிவைத்த கேக்கின் மேல். கீழே பெரிய எழுத்தில் ஹேப்பி பர்த்டே செயின்ட் லாரன்ஸ்.

மேஜைமேல் நின்ற லாரன்ஸார் தன் சின்னக் கம்பியோடு அந்தப் பெரிய கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் மட்டும் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கேக்கைக் கூர்ந்து பார்த்துவிட்டு, “கம்பி இடைவெளி சமமா இல்ல” என்றார். தொழில் புத்தி.

ஸ்டெல்லா ஆன்ட்டி கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். அருள் பின்னால் போகப் பார்த்தான். நான் தடுத்துவிட்டு நானே போனேன். தைரியமெல்லாம் இல்லை. அந்தக் கேக்குக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை.

உள்ளே அவர் அடுப்படியில் என் பக்கம் திரும்பாமல் நின்றார்.

“உனக்குத் தனியா வச்சிருக்கும்மா” என்றார். “காய்கறி பிரியாணி. பாத்திரம் புதுசு. கரண்டியும் புதுசு. இதுல நாங்க கறி மீன் எதுவும் செஞ்சதில்ல. தைரியமா சாப்பிடலாம்.”

லேபிள்கூட முழுதாக உரியாத எவர்சில்வர் பாத்திரம் அது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வழக்கத்துக்கு அவர் புதுப் பாத்திரம் வாங்கியிருக்கிறார். அவர் புனிதருக்கு நான் கோழிக்கால் வாங்கி வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இந்தக் கல்யாணம் நடக்காது என்று அந்த நிமிடம் முடிவே செய்துவிட்டேன்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு” என்றார். “கேலி பண்ணணும்னு வாங்கினியா?”

“சத்தியமா இல்ல ஆன்ட்டி. எங்க ஊர்ல திருநட்சத்திரம்னா பிறந்தநாள். அதனால இதுவும் அப்படித்தான்னு நெனச்சிட்டேன். அந்தக் கோழிக்காலை நான் போடச் சொல்லவே இல்ல.”

“சரி. எங்க லாரன்ஸாரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? சொல்லு பாப்போம்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தேன். பொக்கிஷம், அதிகாரி, தவணை. சொல்லச் சொல்ல அழுகை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அதிகாரி மாதிரி முறைத்துக் காட்டினேன். கண் தெரியாதவர்களையும் கால் இல்லாதவர்களையும் லாரன்ஸார் கூட்டிக்கொண்டு வருவதை அந்தச் சமையலறையில் நடந்தே காட்டினேன். “‘இவங்கதான் எங்க பொக்கிஷம்’னு சொன்னார் பாருங்க ஆன்ட்டி, அங்கேயே எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சுப்போச்சு.”

அவர் முழுதாகத் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்புறம்?”

“அதைக் கேட்ட அதிகாரிக்குக் கடும் கோபம் வந்துச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் பஸ் வந்துடுச்சு ஆன்ட்டி.”

“எந்த பஸ்?” என்றார்.

“ஒண்ணாம் நம்பர்.”

“சீட்டு கிடைச்சுதா?”

“இல்ல ஆன்ட்டி. நின்னுட்டேதான் வந்தேன்.”

“அதான்” என்று தலையாட்டினார். பிறகு மீதிக் கதையை அவரே சொன்னார். தீயின் மேல் கிடந்தபடியே லாரன்ஸார், ‘இந்தப் பக்கம் வெந்துடுச்சு, திருப்பிப் போடுங்க’ என்று கொல்ல வந்தவர்களிடம் சொன்னாராம்.

நியாயமாக நான் கைகூப்பியிருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்குமா? “நிஜமாவே அப்படிச் சொன்னாரா ஆன்ட்டி? வலிக்கும்போது யாருக்காவது ஜோக்கு வருமா?”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் ஸ்டெல்லா ஆன்ட்டியின் முகம் முதல்முறையாக அளவில்லாமல் மலர்ந்தது. “இதையேதான்மா நான் சின்னப் பிள்ளையில ஞாயித்துக்கிழமை மறைக்கல்வி வகுப்புல கேட்டேன். முட்டி போட வச்சுட்டாங்க” என்றார். “இன்னைக்கு வரைக்கும் யாரும் பதில் சொல்லல.”

என் கையைப் பிடித்து ஹாலுக்குக் கூட்டிவந்தார். எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கோழிக்காலை இரண்டு விரலால் எடுத்து அருளின் தட்டில் வைத்தார். கத்தியை எடுத்தார், கேக்கின் ஒரு பாதியை நிதானமாகத் துண்டு போட்டார். பிறகு அங்கிளிடம் சொன்னார்:

“இந்தப் பக்கம் ஆச்சு. திருப்பிப் போடுங்க.”

முதலில் சிரித்தது சிஸ்டர் அத்தைதான். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பும் சொன்னார். “ஒரு புனிதர் சாகற நாளைத்தான் அண்ணி நம்ம திருச்சபை பரலோகத்துல பிறந்த நாள்னு சொல்லுது. அதனால எழுதினது தப்பில்ல. கால்தான் தப்பு.”

எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. ஒவ்வோர் ஆகஸ்ட் பத்துக்கும் அந்த வீட்டில் முட்டையில்லாக் கேக் உண்டு. பெட்டியைக் கடையிலேயே பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவோம். எங்கள் குடும்பத்தில் யாராவது எதையாவது அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அளந்தால், உடனே எதிரிலிருப்பவர், “ஏன், பஸ் வந்துடுச்சா?” என்பார். ரசத்தில் புளியை மறந்தால் எனக்கு அது கிடைக்கும். மோட்டாரைக் கழற்றிவிட்டு மாட்டத் தெரியாமல் நிற்கும் அருளுக்கும் கிடைக்கும். சிஸ்டர் அத்தை மடத்திலிருந்து போன் செய்து கேட்ட நாளும் உண்டு.

கல்யாணத்துக்கு அடுத்த ஆகஸ்டில் என் அம்மாவையும் விருந்துக்கு அழைத்திருந்தார்கள். என் வியாதி யாரிடமிருந்து வந்ததென்று அன்றைக்குத்தான் பாலக்கரைக்குத் தெரிந்தது. சுரூபத்தைச் சேவித்துவிட்டு அம்மா என் மாமியாரிடம் கேட்டாள்:

“ஏன் சம்பந்தி, இவர் பரலோகம் போன நாள் இதுன்னு கோதை சொன்னா. சரி. அவதார திருநட்சத்திரம்னு ஒண்ணு இருக்குமே, அது எது?”

மாமியார் என்னை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தார்.

“அதைத்தாங்க படிச்சிட்டு இருந்தேன். அதுக்குள்ள பஸ் வந்துடுச்சு.”

அம்மாவிடம் அந்தக் கேக் கதையை நான் அதுவரை சொல்லவே இல்லை. அவள் ரொம்ப அக்கறையாகத் தலையாட்டினாள்.

“ஒண்ணாம் நம்பரா? அதுல எங்க நிம்மதியாப் படிக்க முடியறது. நிக்கவே இடம் இருக்காதே.”